அம்முவுக்கு, நந்தியாவட்டை பற்றி

அம்மு,

நீ அனுப்பிய நந்தியாவட்டைப் படத்தை இன்றைக்கும் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வந்து 50 நாளாகிறது. அப்புறம் உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. வேலை இருக்கும், சரி. உள்பக்கத்தில் நாலைந்து இலை மஞ்சளானதற்குப் பயப்படாதே. எப்போதும் பச்சையாக நிற்கிற செடி என்றால் இலையே உதிராது என்று அர்த்தமில்லை, பழசு ஒன்றிரண்டாக விழும், நுனியில் புதுசு வந்துகொண்டே இருக்கும், அதனால் மொட்டையாகத் தெரிவதில்லை. ஒரேயடியாகக் கொட்டினால்தான் கவலை. தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கலாம். மேல்மண் காய்ந்த பிறகே ஊற்று.

இங்கே உன் செடி எட்டடி வளர்ந்துவிட்டது. ஒரு பூவைப் பறித்துப் பார்த்தேன். கீழே மெல்லிய குழல், மேலே ஐந்து இதழ், எல்லாம் ஒரே பக்கமாக லேசாகத் திரும்பிக் காத்தாடி மாதிரி. இலை எதிரெதிரே ஜோடியாக வந்தாலும் ஜோடியில் ஒன்று சற்றுச் சின்னதாக இருப்பதைப் பத்து வயதில் நீதான் காட்டினாய். அதுவரை நான் கவனித்ததே இல்லை. என் மகள் கண்டுபிடித்தாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம்தான் சொன்னதில்லை.

பூக்காவிட்டால் கிளை நுனிகளைக் கொஞ்சம் வெட்டிவிடு, புதுத் துளிர் வந்தால் அதில் மொட்டு வைக்கும். வெட்டிய இடத்தில் பால் வடியும். அரளிக் குடும்பம் அது, விஷம், கண்ணில் படாமல் பார்த்துக்கொள், கையைக் கழுவு. தண்ணீர் அதிகம் வேண்டாம். 'நன்றாக இருக்கிறேன்' என்று ஒரு வரி போட எவ்வளவு நேரமாகும் அம்மு?

இதன் வாசம் ராத்திரியில்தான் தூக்கலாக இருக்கும். இப்போதெல்லாம் இரண்டு மணிக்கும் எனக்கு அது தெரிகிறது.

படம் அனுப்பிய அன்று போனில், "அப்பா, இங்கே எனக்கு..." என்று ஆரம்பித்தாய். நான் உடனே எத்தனை குவளை ஊற்றுகிறாய் என்று கேட்டேன். நீ சொன்னது காதில் விழாமல் இல்லை. குரலே சரியில்லை என்று தெரிந்தது, தெரிந்ததால்தான் பயந்துபோய்ச் செடியைப் பிடித்துக்கொண்டேன். நீயும் இரண்டு குவளை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். முன்பும் உன்னை இப்படித்தான் பாதியில் நிறுத்தியிருக்கிறேன்.

எத்தனை மணியானாலும் கூப்பிடு, விழித்துத்தான் இருப்பேன். செடியைப் பற்றி எதுவும் கேட்க மாட்டேன்.

அப்பா