ஃப்ளாஷ் வாங்கும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. காதுகுத்து, வளைகாப்பு, பிள்ளையின் முதல் பிறந்தநாள் போன்ற வீட்டு விசேஷங்களைத் தாங்களே படம் எடுக்க நினைப்பவர்கள் கடைக்கு வந்ததும் கேட்பது, "கம்மி விலையில் பவர் அதிகமான ஃப்ளாஷ் எது?" என்றுதான். பவரை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஃப்ளாஷின் தலை மேலேயும் பக்கவாட்டிலும் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாததை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம் என்றே சொல்லுவோம்.

கேமராவிலேயே இருக்கும் குட்டி ஃப்ளாஷ் முகத்துக்கு நேராக அடிக்கிறது. நெற்றி எண்ணெய் வடிவதுபோல் மின்னும், மூக்கு தட்டையாகும், பின்சுவரில் கறுப்பு நிழல் விழும். ஒளி லென்ஸை ஒட்டியே புறப்படுவதால் கண்ணும் சிவக்கும். அதே ஒளியை வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்பினால், அது பரந்து, மெதுவாக இறங்கும். ஜரிகையின் இழை தெரியும், குழந்தையின் கன்னம் கன்னமாகவே இருக்கும். பத்தடி உயரக் கூரை உள்ள ஹாலில் ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் திறன்) 800, எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 4, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம், நொடியில்) 1/125 என்று வைத்துத் தொடங்குங்கள். பெரும்பாலும் சரியாக வரும். ஷட்டரை 1/200க்கு மேல் ஏற்றினால், பல கேமராக்களில் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டையாகிவிடும்.

ஒருவரை மட்டும் உட்கார வைத்து எடுக்கும் போர்ட்ரெய்ட்டுக்குக் கூரையைவிடப் பக்கத்துச் சுவர் நல்லது. ஃப்ளாஷின் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பினால், ஜன்னலோரம் உட்கார்ந்ததுபோல் முகத்தின் ஒரு பாதி வெளிச்சமாகவும் மறுபாதி மென்மையான நிழலாகவும் வரும். சுவர் பச்சை பெயிண்டாக இருந்தால் முகமும் பச்சை தட்டும், கவனம். கல்யாண மண்டபத்தில் கூரை எட்டாத உயரம். அங்கே தலைக்குள்ளிருந்து இழுக்கும் சின்ன வெள்ளை அட்டையை வெளியே எடுத்துவிட்டு, ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள்.

அடுத்தது மேனுவலா, டிடிஎல்லா என்ற கேள்வி. மேனுவல் என்றால், ஒளியின் அளவை நாமே கையால் வைக்க வேண்டும். டிடிஎல் என்றால், படத்துக்கு ஒரு கணம் முன்னால் ஃப்ளாஷ் லேசாக ஒருமுறை மின்னும். கேமரா அதை லென்ஸ் வழியாக அளந்து, எவ்வளவு ஒளி வேண்டும் என்று தானே முடிவு செய்யும். கேக் வெட்டும் நேரத்தில் நீங்கள் கூட்டத்துக்குள் நகர்ந்துகொண்டே இருப்பீர்கள், தூரம் மாறிக்கொண்டே இருக்கும். விசேஷம்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் கோடாக்ஸ் டிடி685 II போன்ற டிடிஎல் ஃப்ளாஷுக்குச் செலவழிக்கலாம். கானன், நிக்கான், சோனிக்குத் தனித்தனி மாடல், பெட்டியில் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். உட்கார வைத்து எடுக்கும் படங்களே அதிகம் என்றால், அதைவிட நன்றாகவே விலை குறைந்த டிடி600 போன்ற மேனுவல் போதும். முதல் மினுக்கல் இல்லாததால், சட்டென்று கண்ணை மூடிக்கொள்ளும் பாட்டிமார்களுக்கு மேனுவலே வசதி என்பது எங்கள் அனுபவம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல மேனுவல் ஃப்ளாஷ்களுக்குக் கேமராவின் ஹாட் ஷூ (மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடம்) நடுவில் இருக்கும் வட்டமான உலோகப் புள்ளியிலிருந்துதான் சிக்னல் வரும். கானன் 3000டி, 200டி II ஆகியவற்றில் அந்தப் புள்ளியே கிடையாது. அவற்றில் இந்த வகை ஃப்ளாஷை மாட்டினால் எரியாது. ஃப்ளாஷில் கோளாறு என்று நினைத்து மாற்ற வருகிறார்கள், பாவம். ஆன்லைனில் வாங்கினாலும், முதலில் உங்கள் கேமராவின் ஷூவைக் குனிந்து பார்த்துவிடுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பர் (ஃப்ளாஷின் பவரைக் காட்டும் எண்) 60 என்பது, தலை முழுக்க ஜூம் ஆகி ஒளி குவியும்போது கிடைக்கும் அளவு. கூரையில் அடிக்கும்போது அதை எதிர்பார்க்க முடியாது. வீட்டு ஹாலுக்கு அந்த வகை ஃப்ளாஷே தாராளம்.

பேட்டரியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல், சாதாரண ஆல்கலைனைவிட வேகமாக ஃப்ளாஷைத் தயார்ப்படுத்தும். எட்டு வாங்குங்கள்: நான்கு உள்ளே, நான்கு பையில்.

ஏற்காடு போகிறவர்களுக்கு: மூடுபனிக்குள் ஃப்ளாஷை நேராக அடித்தால் பனித்துளிகள்தான் வெளுத்துத் தெரியும், ஆள் தெரிய மாட்டார். அங்கே அதை அணைத்துவிடுங்கள்.

அப்பா காலத்து ஃப்ளாஷ் பரணில் இருந்தால், அதை டிஜிட்டல் கேமராவில் மாட்ட வேண்டாம். சில பழைய ஃப்ளாஷ்களின் முனையில் நூறு வோல்ட்டுக்கு மேல் வரும். கேமராவின் சர்க்யூட் போய்விடக்கூடும். கொண்டு வாருங்கள், மீட்டர் வைத்து அளந்து சொல்கிறோம், காசு வேண்டாம்.

வாங்க வரும்போது உங்கள் கேமராவையும் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். கடைக்குள் வெள்ளைக் கூரைதான்; மாட்டி, நாலு படம் எடுத்துப் பார்த்து, பிடித்தால் வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் கேமரா கடை, சேலம்