வியட்நாம் பயணம்: தேதி குறிக்கும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வியட்நாம் போக 2027 பிப்ரவரி முதல் வாரத்தில் இடம் இருக்கிறதா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அந்த வாரம் நாங்கள் குழு எதையும் அழைத்துச் செல்லவில்லை. காரணம், பிப்ரவரி 6 அங்கே தெத், அதாவது சந்திர நாட்காட்டிப்படி வரும் புத்தாண்டு.

ஏறக்குறைய ஒரு வாரம் மக்கள் சொந்த ஊரில்தான் இருப்பார்கள். சிறு கடைகளும் உணவகங்களும் பூட்டிக் கிடக்கும், ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். அதோடு இது முழுக்க வீட்டுப் பண்டிகை. முன்னோர் படத்துக்கு முன் ஊதுபத்தி ஏற்றிப் படையல் வைப்பார்கள். புத்தாண்டில் வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவரைப் பொறுத்தே அந்த வருஷத்து அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை. அதனால் யார் முதலில் வர வேண்டும் என்று முன்பே சொல்லி வைப்பார்கள். தெரிந்தவர் வீடு என்றாலும் அன்று அழைக்காமல் போகாதீர்கள்.

பண்டிகைக் களையைப் பார்க்க ஆசையா? ஜனவரி கடைசி வாரத்தில் வாருங்கள். வடக்கே ஹனோயில் பீச் மரக் கிளைகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போவார்கள், தெற்கே மஞ்சள் மாய் பூ. பச்சரிசி மாதிரி இல்லாமல் ஒட்டும் அரிசி, பாசிப்பருப்பு, பன்றி இறைச்சி மூன்றையும் இலையில் சதுரமாகக் கட்டி, மணிக்கணக்கில் வேகவைக்கும் பான் சுங் எங்கும் விற்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தேதி வைத்தால் நல்லது. சந்திர மாதத்தின் 1, 15 ஆம் நாட்களில் பௌத்தர்கள் பலர் இறைச்சி சாப்பிடுவதில்லை. பலகையில் ‘சாய்’ (Chay) என்றிருக்கும் கடையைத் தேடுங்கள், அது சைவக் கடை. மற்ற இடங்களில் வெறும் கீரை வதக்கலில்கூட நுவோக் மாம் என்ற மீன் சாறு இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பௌர்ணமிக்கு முந்தைய இரவு ஹோய் ஆன் என்ற பழைய ஊரில் பழைய தெருக்களின் மின்விளக்கை அணைத்துவிட்டுக் காகித விளக்குகளை ஏற்றுவார்கள். எங்கள் குழுக்களை முடிந்தவரை அந்த இரவுக்கே கொண்டு போகிறோம்.

ஹோ சி மின் நகரில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, நம் தமிழர்கள் கட்டியது. இன்று அங்கே அதிகம் வருபவர்கள் வியட்நாமியரும் சீனரும்தான். கருவறைக்குப் பின்னால் கல்சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்வார்கள். அவசியம் பாருங்கள்.

சின்ன விஷயங்கள் சில. சாதத்தில் சாப்பிடும் குச்சியைக் குத்தி நிறுத்தாதீர்கள், அது இறந்தவருக்கு வைக்கும் ஊதுபத்தி போலத் தெரியும். பெரியவர்களிடம் எதையும் இரு கையால் கொடுங்கள். கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம்தான். ராத்திரி டாக்சியில் காசு கொடுக்கும்போது பூஜ்ஜியத்தை எண்ணிக் கொடுங்கள்.

இ-விசாவுக்குக் கடவுச்சீட்டின் நகலும் புகைப்படமும் அனுப்பிவிடுங்கள். பிப்ரவரி கேட்டவர்கள் ஜனவரி கடைசியா, மார்ச்சா என்று இந்த வாரத்துக்குள் சொன்னால் டிக்கெட் பார்க்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்