நூறாண்டுத் தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வேகமாக வளரும் பெருநகரங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், ஃபீனிக்ஸ் என்று ஊர் ஊராக மக்கள்தொகை ஏறிய கணக்கைக் கட்டுரையாளர் உழைத்துத் தொகுத்திருக்கிறார். வேலை, வீட்டு விலை, வரி எல்லாம் இருக்கின்றன. தண்ணீர் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் 1998 முதல் குடியிருக்கும் என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நாங்கள் வந்தபோது வீட்டுக்குப் பின்புறம் குதிரைமசால் என்ற மாட்டுத்தீவனப் பயிரின் வயல் இருந்தது. நீர் பாய்ச்சும் நாட்களில் கொக்குகள் கூட்டமாக வந்து இறங்கும். இன்று அந்த வயலும், அதற்கு அப்பால் இருந்த பருத்தி நிலமும் வரிசை வரிசையாக வீடுகள். 1990-ல் சுமார் 90,000 பேர் வாழ்ந்த சாண்ட்லரில் 2020 கணக்கெடுப்பின்போது 2,75,000 பேருக்கு மேல் இருந்தார்கள். ஃபீனிக்ஸ் நகரில் 1950-ல் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். 2020-ல் 16 லட்சம். பிலடெல்ஃபியாவை முந்தி நாட்டின் ஐந்தாவது பெரிய நகரமானது அப்போதுதான். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் 48 லட்சம். ஆண்டு மழையோ சராசரியாக 20 சென்டிமீட்டர்கூட இல்லை.

இத்தனை பேரும் குடிப்பது எதை? சால்ட், வெர்டே ஆறுகளில் அணை கட்டித் தேக்கிய நீர், நிலத்தடி நீர், பிறகு கொலராடோ ஆறு. கொலராடோ நீர் 540 கிலோமீட்டர் கால்வாயில் பாலைவனத்தைக் கடந்து, மேட்டில் ஏற்றப்பட்டு வருகிறது. அந்தக் கால்வாய்க்கு 1968-ல் நாடாளுமன்றத்தின் அனுமதியைப் பெறுவதற்காக அரிசோனா ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டது: பற்றாக்குறை வந்தால் கலிபோர்னியாவின் பங்கில் கை வைப்பதற்கு முன் இந்தக் கால்வாயின் பங்கு வெட்டப்படும். அந்த ஆற்றில் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது 2021 ஆகஸ்டில். கால்வாய் நீர் வெட்டப்பட்டதால் மறு ஆண்டே, ஃபீனிக்ஸுக்குத் தெற்கே உள்ள பினால் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) விவசாயிகள் நிலங்களைத் தரிசாகப் போட்டார்கள். ஆனால் 2021 ஜூலை முதல் 2022 ஜூலை வரையிலான ஓராண்டில், நாட்டிலேயே அதிகமாக மக்கள்தொகை கூடிய கவுண்டி ஃபீனிக்ஸ் இருக்கும் மரிகோபாதான். கூடியவர்கள் 56,000-க்கும் மேல். இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டாமா?

வயல்கள் வீடுகளானால் தண்ணீர்ச் செலவு குறையவே செய்கிறது என்பார்கள். உண்மைதான். குதிரைமசால் குடிக்கும் தண்ணீரை அதே நிலத்தில் எழும் வீடுகள் குடிப்பதில்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீடுகள் வயல்களில் மட்டுமா எழுகின்றன? வெறும் பாலைவனத்திலும் எழுகின்றன. வயலை ஓராண்டு தரிசாக விடலாம், குடும்பத்தை விட முடியாது.

அரிசோனாவில் நான் மதிக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. கண்டபடி உறிஞ்சியதில் நிலம் தாழ்ந்து, பல இடங்களில் பிளந்தும் போன பிறகு, 1980-ல் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி ஃபீனிக்ஸ் பகுதியில் புதிய குடியிருப்புகளை அமைப்பவர்கள் நூறு ஆண்டுகளுக்குத் தண்ணீர் உண்டு என்று நிரூபித்த பிறகே மனைகளை விற்க முடியும். 2023 ஜூனில் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ், நிலத்தடி நீரை மட்டுமே நம்பும் புதிய குடியிருப்புகளுக்கு இனி அந்தச் சான்று கிடையாது என்று அறிவித்தார். நூறாண்டுத் தேவையில் சுமார் 4 சதவீதம் துண்டு விழும் என்று மாநிலத்தின் ஆய்வு சொன்னதுதான் காரணம். ஏற்கெனவே அனுமதி பெற்ற மனைகளுக்கு இது பொருந்தாது. இருந்தும் வளர்ச்சியின் கழுத்தை நெரிக்கிறார்கள் என்று வீடு கட்டி விற்பவர்கள் கொதித்தார்கள். எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது. யாரோ ஒருவராவது கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்களே!

இந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை உண்டு. ஆறு மனைகளோ அதற்கு மேலோ பிரித்தால்தான் அது சட்டப்படி குடியிருப்பு. ஐந்தாகப் பிரித்தால் நூறாண்டுக் கேள்வியே எழாது. ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற இடம் அப்படிப் பிரித்துப் பிரித்து வளர்ந்ததுதான். அங்கே பல நூறு வீடுகள் அருகிலுள்ள ஸ்காட்ஸ்டேல் நகரத்திலிருந்து லாரியில் வந்த தண்ணீரை நம்பியிருந்தன. 2023 ஜனவரி 1 முதல் நகரம் அதை நிறுத்தியது. தன் குடிமக்களுக்கே பஞ்சம் வரக்கூடும் என்று அஞ்சிய நகரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மக்கள் மழைநீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். மாதக்கணக்கில் அலைந்த பிறகே ஓர் இடைக்கால ஏற்பாடு கிடைத்தது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு என் தங்கை மகன் அதுபோன்ற ஓர் இடத்தில் மனை பார்த்துவிட்டு வந்து, "பெரியம்மா, ஒரு ஏக்கர்! ஊருக்குள் கேட்கும் விலையில் பாதிதான்" என்றான். குழாய் இணைப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். லாரி வருமாம், கவலை வேண்டாம் என்று விற்பவர் சொன்னாராம். சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்று வளர்ந்தவள் நான். வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டேன். ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தான்.

தங்கள் இதழைப் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வரப்போகும் இளம் தம்பதியர் எத்தனையோ பேர் இருப்பார்கள். வீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் அவர்கள் புதிய குடியிருப்புகளுக்காக மாநில ரியல் எஸ்டேட் துறை வெளியிடும் பொது அறிக்கையை வாங்கி, தண்ணீர் பற்றிய பகுதியை முழுதாகப் படிக்கட்டும். அந்த அறிக்கையே கிடையாது என்று விற்பவர் சொன்னால், மனை எத்தனையாகப் பிரிக்கப்பட்டது என்று கேட்கட்டும். அடுத்த முறை இந்த நகரங்களின் பட்டியலை வெளியிடும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்த ஆற்றை, எந்த ஏரியை நம்பியிருக்கிறது என்பதையும் தாங்கள் அச்சிட வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சாண்ட்லர், அரிசோனா