புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்

அன்பு மகளுக்கு,

"படிக்கும்போது எல்லாம் புரிந்தது அப்பா, வினாத்தாளைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை" என்று தொலைபேசியில் சொன்னாய். உன்னைத் தேற்றுவதிலேயே அன்று பேச்சு முடிந்துவிட்டது. மதிப்பெண் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. அறிவியல் உனக்கு வராது என்று நீயே முடிவு கட்டத் தொடங்கியிருக்கிறாயே, அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. அந்த முடிவு தவறு. ஏன் தவறு என்பதையும், இனி எப்படிப் படிக்கலாம் என்பதையும் சொல்கிறேன்.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்திய காலம் முழுவதும் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் பலர் பள்ளியில் முதலிடம் வாங்கியவர்கள். இரவு பகல் பாராமல் படித்தவர்கள். பள்ளியில் கேள்வி பாடத்தின் முகச்சாயலிலேயே வரும். எந்தப் பாடத்திலிருந்து வந்தது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். பல்கலைக்கழகத்தில் கேள்வி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மொத்த உந்தம் மாறாது என்ற விதியைப் பயன்படுத்துவதா, மொத்த ஆற்றல் மாறாது என்ற விதியையா, இரண்டையுமா என்று நீதான் தீர்மானிக்க வேண்டும். படிக்கும்போது அந்தத் தீர்மானத்தைப் புத்தகமே உனக்காக எடுத்துவிடுகிறது. அடுத்த வரி கண்ணெதிரே இருப்பதால் மனம் தடையில்லாமல் ஓடுகிறது. தேர்வறையில் அந்த அடுத்த வரி இல்லை.

இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம் சிறு கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு கட்டுரையைத் திரும்பவும் படித்தார்கள். இன்னொரு கட்டுரையைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பப் படித்ததுதான் சற்று அதிகம் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நினைவிருந்தது. திரும்பப் படித்ததில் 42 சதவீதம்தான். அடுத்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பினார்கள். உன் நிலை இதுதான், கண்ணு. படிப்பு உன்னை ஏமாற்றவில்லை. படித்தது எவ்வளவு மனதில் தங்கியது என்று நீ போட்ட கணக்குத்தான் தவறிவிட்டது. கணக்கைத் திருத்திக்கொள்ள முடியும்.

ஆகவே முதல் வேலை இது. விரிவுரை முடிந்த அன்றே ஒரு வெற்றுத் தாளை எடு. குறிப்பேட்டை மூடி வை. அன்று என்ன நடத்தினார்கள், எந்தக் கேள்வியில் தொடங்கி எங்கே முடித்தார்கள், நடுவில் என்ன அனுமானம் வைத்தார்கள் என்று நினைவிலிருந்து எழுது. பத்து நிமிடம் போதும். முதல் சில நாட்கள் பாதித் தாள்கூட நிரம்பாது. எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலோடு எழுது, விட்டுவிடாதே. எழுதி முடித்த பிறகு குறிப்பேட்டைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர். அந்த நிறம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கேதான் நீ உட்கார வேண்டும். வண்ணப் பேனாவால் புத்தகத்தில் கோடிடும் பழக்கம் உனக்குப் பள்ளியிலிருந்தே உண்டு. அதை விட்டுவிடச் சொல்லித்தான் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். பக்கம் அழகாகும், மனதில் ஒன்றும் ஏறாது.

புத்தகத்தில் தீர்த்துக் காட்டிய கணக்குகளுக்கும் இதே வழிதான். விடையை ஒரு தாளால் மறைத்துக்கொள். கேள்வியைப் படி, படம் வரை, தெரிந்ததையும் தெரியாததையும் எழுது. முதல் வரியை நீயே எழுதிய பிறகு மறைத்த தாளை ஒரு வரி மட்டும் கீழே இறக்கிப் பார். ஒத்துப்போனால் அடுத்த வரி. ஒத்துப்போகாவிட்டால் ஏன் அந்த வரியை அவர்கள் எழுதினார்கள் என்பதைக் கண்டுபிடிக்கும் வரை நகராதே. இப்படி ஒரு மணி நேரத்தில் மூன்று கணக்குகள்தான் நகரும். அந்த மூன்றும் உன்னுடையவை.

இப்போது கணினியிடம் கேட்டால் எந்தக் கணக்குக்கும் நொடியில் விடை வந்துவிடுகிறது. அதைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். முதலில் இருபது நிமிடமாவது நீயே மல்லுக்கட்டு. அதன் பிறகும் வழி தெரியவில்லை என்றால் ஒரு குறிப்பை மட்டும் கேள். முழு விடையையும் பார்த்துவிட்டாய் என்றால், மறுநாள் எதையும் பார்க்காமல் அதே கணக்கைத் தொடக்கத்திலிருந்து செய். செய்ய முடிந்தால் மட்டும் "தெரியும்" என்று குறித்துக்கொள்.

சூத்திரம் தெரிவதும் கருத்து தெரிவதும் வெவ்வேறு. ஒரு கனரக லாரியும் ஒரு சிறிய காரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது? நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள், லாரிதான் அதிக விசையைச் செலுத்துகிறது என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு விசைகளும் சமம். காரின் நிறை குறைவு என்பதால் அதன் முடுக்கம் அதிகம். நசுங்குவது அது என்பதால் நம் மனம் விசையையும் அதன் பக்கம் ஏற்றிவிடுகிறது. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990 வாக்கில் இத்தகைய எளிய கேள்விகளை மாணவர்களிடம் கொடுத்தபோது, நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நான் நினைப்பதை எழுதுவதா என்று ஒரு மாணவர் கேட்டாராம். கடினமான கணக்குகளைச் சரியாகப் போட்ட மாணவர்கள் இந்த எளிய கேள்விகளில் தடுமாறியது அவரை உலுக்கியது. அதன் பிறகு வகுப்பில் அவர் ஒரு கேள்வியைக் கொடுத்து, ஒவ்வொருவரும் தனியாக விடை சொன்ன பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வைத்தார்.

நீயும் தோழிகளோடு படிக்கிறாய் என்றாய். நல்லது. ஆனால் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, வேகமாகப் போடுகிறவளின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பது கூட்டுப் படிப்பு ஆகாது. முதலில் தனித்தனியாக எழுதுங்கள். பிறகு ஏன் அப்படி எழுதினாய் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். விளக்கத் தொடங்கினால் உன் விளக்கம் எந்த இடத்தில் தடுக்குகிறது என்பது உனக்கே தெரிந்துவிடும்.

ஒரே வகைக் கணக்குகளை வரிசையாகப் போடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பத்தாவது கணக்கு வரும்போது கை தானாக ஓடும். மூளைக்கு வேலை இருக்காது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், கன அளவு காணும் நான்கு வகைக் கணக்குகளைக் கலந்து போட்ட மாணவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ அவர்கள் 63 சதவீதம் எடுத்தார்கள். வகைவகையாகப் போட்டவர்கள் 20 சதவீதம். எனவே வாரத்தில் ஒரு நாள் பழைய பாடங்கள் அனைத்திலிருந்தும் கணக்குகளைக் கலந்து எடுத்துப் போடு. பழைய வினாத்தாள்களைத் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கென்று பத்திரப்படுத்தி வைக்காதே. இப்போதே ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுது.

திருத்தி வந்த விடைத்தாளை உள்ளே தள்ளிவிட்டேன் என்றாய். வெளியே எடு. இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுது: கருத்தே தெரியவில்லையா, தெரிந்தும் நினைவுக்கு வரவில்லையா, இயற்கணிதத்தில் குறியை மாற்றினாயா, நேரம் போதவில்லையா. நான் பார்த்த விடைத்தாள்களில் இயற்பியல் என்ற பெயரில் இழந்த மதிப்பெண்களில் நிறையக் கணிதத்தில் இழந்தவை. மடக்கை (லாகரிதம்) கைவசம் இல்லாதவருக்கு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். வெறும் எண். கைவசம் இருந்தால், பி.எச். ஒன்று குறைவது ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடுவது என்பது உடனே தெரியும். நாளுக்கு அரை மணி நேரம் வகையிடல், தொகையிடல், வெக்டர் என்று கணிதத்துக்கு மட்டும் ஒதுக்கு. அது மற்ற எல்லாப் பாடங்களையும் தூக்கிவிடும்.

அலகுகளை ஒவ்வொரு வரியிலும் எழுது. நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் 1999 செப்டம்பரில் அழிந்தது. ஒரு குழுவின் மென்பொருள் தந்த எண்கள் பவுண்டு-விசை விநாடியில் இருந்தன. மற்றொரு குழு அவற்றை நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. விடை வந்ததும் அலகு சரியா, அளவு நம்பும்படி இருக்கிறதா என்று இரண்டு நொடி பார்ப்பது உன் கையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக எழுதுகிறேன். அங்கேதான் அறிவியல் நடக்கிறது, அதைத்தான் மாணவர்கள் கடமைக்குச் செய்கிறார்கள். தனி ஊசலை எடுத்துக்கொள். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலின் அலைவு நேரம் சுமார் 2 விநாடி. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் உன் கை 0.2 விநாடி தவறலாம். ஓர் அலைவை மட்டும் அளந்தால் அது 10 சதவீதப் பிழை. ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும்போது அலைவு நேரத்தின் வர்க்கம் வருவதால் பிழை ஏறத்தாழ 20 சதவீதமாகிவிடும். இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்தால் 40 விநாடியில் அதே 0.2 விநாடி, அலைவு நேரத்தில் பிழை அரை சதவீதம், ஈர்ப்பு முடுக்கத்தில் ஒரு சதவீதம். கருவி மாறவில்லை, கையும் மாறவில்லை. செய்முறை ஏட்டில் "20 அலைவுகள்" என்று போட்டிருப்பதன் காரணம் இதுதான். ஒவ்வொரு செய்முறையிலும் இப்படி ஒரு காரணம் ஒளிந்திருக்கும். ஆய்வகத்துக்குள் நுழையும் முன்பே அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுப் போ.

அளவீடுகளை நேராகக் குறிப்பேட்டிலேயே மையால் எழுது. துண்டுக் காகிதத்தில் எழுதிப் பிறகு அழகாகப் படியெடுக்காதே. தவறாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடி. அடித்தது படிக்கும்படி இருக்கட்டும். வரைபடத்தைச் செய்முறை நடக்கும்போதே போட்டுக்கொண்டு வா; தவறிய புள்ளி அப்போதே கண்ணில் படும், மறுபடி அளந்துகொள்ளலாம். 9.8 வர வேண்டிய இடத்தில் 9.4 வந்தால் 9.4 என்றே எழுது, பிழை எல்லையோடு எழுது. எண்ணைத் திருத்தி 9.8 ஆக்கும் பழக்கம் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் போகாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கரிம வேதியியலில் வினைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாமல், எலக்ட்ரான் எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று ஒவ்வொரு முறையும் அம்புக்குறி போட்டுப் பார். உயிரியலில் சொற்கள் அதிகம், அவற்றைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும் செல் உணவிலிருந்து ஆற்றல் பெறும் சிட்ரிக் அமிலச் சுழற்சி போன்றவற்றை வெற்றுத் தாளில் நினைவிலிருந்து வரைந்து, எந்தப் படியில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, ஏன் என்று கேட்டுக்கொள்.

ஆசிரியரைப் பார்க்கப் போகத் தயங்குகிறாய் என்பது எனக்குத் தெரியும். "பாடம் புரியவில்லை" என்று போனால் அவராலும் பெரிதாக உதவ முடியாது. நீ முயன்ற தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போய், இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு எப்படி வந்தீர்கள் என்று கேள். அப்படி வரும் மாணவியைக் கண்டால் எனக்கு அன்றைய நாளே நிறைந்துவிடும். உன் ஆசிரியர்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

படிக்கும் நேரத்தில் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். தேர்வுக்கு முந்தைய இரவு தூங்கு. படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்ளத் தூக்கம் உதவுகிறது. விழித்திருந்து சேர்க்கும் நான்கு மணி நேரம் முந்தைய நாட்களின் உழைப்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

இரண்டாம் ஆண்டைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டில் பார்ப்பவற்றைப் பெரும்பாலும் மனக்கண்ணில் கொண்டுவர முடியும். இரண்டாம் ஆண்டில் ஒழுங்கின்மையின் அளவு என்று சொல்லப்படும் என்ட்ரோபி வரும், அணு அளவிலான துகளின் நிலையை விவரிக்கும் அலைச் சார்பு வரும். படம் போட முயன்றால் நழுவும். அப்போது, முழுவதும் புரிந்த பிறகுதான் கணக்குப் போடுவேன் என்று காத்திருக்காதே. இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1926இல் அலைச் சார்புக்கான தன் சமன்பாட்டை வெளியிட்டபோது அலைச் சார்பு எதைக் குறிக்கிறது என்பது அவருக்கே தெளிவாக இல்லை. துகள் எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை அது தருகிறது என்ற நிகழ்தகவு விளக்கத்தை அதே ஆண்டு மாக்ஸ் பார்ன் என்ற இயற்பியலாளர் கொடுத்தார். பெட்டிக்குள் அடைபட்ட துகளுக்குச் சமன்பாட்டைத் தீர், ஆற்றல் மட்டங்களைக் கணக்கிடு, பெட்டியின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் என்ன ஆகிறது என்று பார். கணக்குப் போடப் போடத்தான் அந்தக் கருத்து பழகும். முதல் வாசிப்பில் பாதி, இரண்டு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம் என்று அது அடுக்கடுக்காக வந்து சேரும்.

இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன் விடுமுறையில் முதலாம் ஆண்டுக் கணக்குகளைப் பார்க்காமல் மறுபடி போட்டுப் பார். நேரியல் இயற்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் கொஞ்சம் முன்கூட்டியே தொட்டு வை. பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரைபடம் போடும் அளவுக்காவது பழகிக்கொள். உராய்வு போன்ற தடையால் மெல்ல அடங்கும் தடையுறு அலைவை நீயே நிரலெழுதி வரைந்து, தடை மாறிலியை மாற்றி மாற்றிப் பார்த்தால் பாடத்தில் வரும் மூன்று நிலைகளும் கண்ணெதிரே பிரியும்.

எங்கே தடைப்பட்டாலும் எனக்கு எழுது. எதுவரை வந்தாய் என்ற தாளையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா