பி.எம். கிசான் பட்டியல்: சரிபார்க்கும் முறை

உறுப்பினர்கள் கவனத்துக்கு,

விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டமான பி.எம். கிசானில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. யார் யார் பெறுகிறார்கள் என்ற பட்டியல் திட்ட இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. 'பயனாளிகள் பட்டியல்' பகுதியில் மாநிலம், மாவட்டம், வட்டம், வட்டாரம், கிராமம் தேர்ந்தெடுத்தால் வந்துவிடும். உள்நுழைவு தேவையில்லை.

ஆனால் அதில் பெயரும் பாலினமும்தான் இருக்கும். தந்தை பெயர், சர்வே எண், பெற்ற தொகை கிடையாது. ஒரே ஊரில் மூன்று முருகேசன் இருந்தால் யார் யாரென்று பிரிக்க முடியாது. எனவே பட்டியலை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்.

முழு விவரம் வேண்டுமென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ)(xii)-ஐக் குறிப்பிட்டு வேளாண் துறைப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். மானியத் தொகையையும் பயனாளி விவரத்தையும் துறை தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் கேட்காதீர்கள். அதைக் காட்டியே மனுவை நிராகரிப்பார்கள்.

2020-ல் தமிழ்நாட்டில் தகுதியற்றவர்கள் பேரில் சுமார் 110 கோடி ரூபாய் போனது, அதிகாரிகளின் கடவுச்சொல் வெளியாட்கள் கைக்குப் போனதால். ஊர் மக்கள் பட்டியலைப் பார்த்தால் இது சீக்கிரமே தெரியும்.

பணம் வராதவர்கள் முதலில் இ-கேஒய்சி (மின்னணு அடையாளச் சரிபார்ப்பு) முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஆதார் இணைப்பு: கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ அந்தக் கணக்குக்கே பணம் போகும். வருமான வரி கட்டுபவர்களுக்குத் தகுதியில்லை. வாங்கியிருந்தால் அதே தளத்தில் திருப்பிச் செலுத்தலாம்.