சாவு விழாமலே பாடுகிறோம்

கார்டிஃப், வேல்ஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் சர்க்கரை, மாமாவின் முதுகுவலி, பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் போனில் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் போனில் நீ குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே பேசுகிறாய். பாதியில் "இரு, தண்ணி லாரி வந்துடுச்சு" என்று வைத்தும் விடுகிறாய். ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்ல வேண்டுமானால் உனக்கு எழுதித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

வியாழக்கிழமை மட்டும் நைட் டியூட்டி வேண்டாம் என்று ஏன் மாற்றிக்கொள்கிறாய், அன்றைக்கு என்ன விரதமா என்று கேட்டாயே. விரதமில்லை. பாடப் போகிறேன்.

சிரித்து முடித்தாயா? சரி, கேள்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சர்ச் இருக்கிறது. அதன் ஹாலில் வாரம் ஒரு சாயங்காலம் அக்கம்பக்கத்து ஜனங்கள் கூடிப் பாடுகிறார்கள். ஹால்தான் சர்ச்சுடையது, ஜெபக்கூட்டம் கிடையாது. பஸ் ஓட்டுகிறவர், ரிட்டயரான டீச்சர், சோமாலியாவிலிருந்து வந்து நாற்பது வருஷமாக இங்கேயே இருக்கும் ஒரு அம்மா, புருஷனை இழந்தவர்கள், காலேஜ் பசங்கள் என்று எல்லாரும் உண்டு. குரல் எப்படி என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஏதோ கொஞ்சம் சந்தா. கையில் இல்லாதவர்களிடம் அதையும் கேட்பதில்லை. நடுவில் டீயும் பிஸ்கட்டும். டீ நன்றாக இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என்னோடு வார்டில் வேலை செய்கிற ஒருத்திதான் கூட்டிப் போனாள். "எனக்குப் பாட வராது" என்றேன். "அதைக் கேட்கவே இல்லையே, சாயங்காலம் ஃப்ரீயா என்றுதானே கேட்டேன்" என்றாள்.

நம் தெருவில் பாட்டுக்கு என்ன குறைச்சல் என்று யோசித்துப் பார்த்தேன் அக்கா. ஆடி மாதம் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் விடியற்காலையிலேயே நமக்குப் பதிலாகப் பாடிவிடும். கல்யாணம், காதுகுத்து என்றால் செட்டு வந்துவிடும். கானாவுக்கு டோலக்கும் சட்டியும் வைத்துக்கொண்டு பையன்கள் உட்கார்ந்தால் விடியும்வரை எழுந்திருக்க மாட்டார்கள். தாத்தா காலத்தில் காசிமேட்டில் கரைவலை இழுக்கும்போது ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஐலசா போட்டு அம்பா பாடுவார்களாம். விசைப்படகும் வின்ச்சும் வந்த பிறகு அந்தப் பாட்டுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இதில் பொம்பளைகள் எங்கே வருகிறோம்?

ஒரே இடத்தில் வருகிறோம். ஆயா செத்த அன்றைக்கு ஞாபகம் இருக்கிறதா? பெரியம்மா, எதிர்வீட்டு அத்தை, மீன் கூடை தூக்குகிற அக்காமார்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தோள்மேல் கை போட்டுக்கொண்டார்கள். பெரியம்மா ஒப்பாரியை எடுத்தாள். அவள் குரல் உடைந்த இடத்தில் அத்தை வாங்கிக்கொண்டாள். அத்தை மூக்கைச் சிந்தும்போது இன்னொருத்தி இழுத்தாள். பாட்டு நிற்கவே இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒத்திகை பார்க்கவில்லை. அத்தனை பெரிய பாட்டைப் பாடிய அதே பெண்களைப் பத்து நாள் கழித்து வேறு ஒரு பாட்டுப் பாடச் சொல்லிப் பார். "எனக்கெங்கடி பாட வரும்" என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். நம்மூரில் பெண்கள் ஒன்றாகக் கூடி வாய்விட்டுப் பாட ஒரு சாவு விழ வேண்டியிருக்கிறது. இங்கே சாவு விழாமலே வாரா வாரம் பாடுகிறோம். எனக்கு ஆச்சரியமெல்லாம் அதுதான்.

இன்னொரு வேடிக்கை, பெரியம்மாவும் அத்தையும் செய்ததை இங்கே பாடமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு வரி நீளமாக இருந்தால் யாராலும் ஒரே மூச்சில் பாட முடியாது. அதனால் பக்கத்தில் நிற்பவர் மூச்சு எடுக்கும்போது நீ எடுக்கக் கூடாது. அவர் எடுத்து முடித்துச் சேர்ந்துகொண்ட பிறகு நீ மெதுவாக நழுவி, எடுத்து, சத்தமில்லாமல் திரும்ப உள்ளே வர வேண்டும். வார்த்தையின் முடிவில் எடுக்கக் கூடாது, ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் எடுப்பார்கள். நடுவில் எடுக்க வேண்டும். கேட்கிறவருக்கு நாற்பது பேரும் மூச்சே விடாமல் பாடுவதுபோல இருக்கும். நைட் டியூட்டி முடித்துத் தொண்டை வறண்டு போகிற நாளில் நான் பாதிப் பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைத்துவிட்டு வந்திருக்கிறேன். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம் வீட்டில் நீ ஒரு வேளை படுத்தால் அடுப்பு எரியாது. அதனால்தான் இதை உனக்கு இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன்.

முதலில் காதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நாம் பத்துப் பேர் பாடினாலும் ஒரே மெட்டைத்தான் பாடுவோம். இங்கே நான்காகப் பிரிப்பார்கள். பெண்களில் மேல் குரல் சொப்ரானோ, கீழ்க் குரல் ஆல்டோ; ஆண்களில் மேலே டெனர், கீழே பேஸ். நான் ஆல்டோ. சின்ன வயதில் "ஆம்பளைக் குரல்" என்று என்னைக் கேலி பண்ணுவீர்களே, அந்தக் குரலுக்கு இங்கே தனி வரிசையும் நாற்காலியும் இருக்கிறது. மெட்டு பெரும்பாலும் சொப்ரானோக்காரர்களுக்குப் போய்விடும். நாங்கள் கீழே வேறொன்றைப் பாடிக்கொண்டிருப்போம். தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்றே தெரியாது. நாலும் சேரும்போது ஹால் ஒரு மாதிரி அதிரும். தரை வழியாகக் காலில் ஏறும். இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

இந்த ஊரும் நம் ஊர் மாதிரி நிலக்கரி தின்ற ஊர்தான். 2011 வரை நம் துறைமுகத்தில் கரி இறக்கிக்கொண்டிருந்தார்களே, மாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் எடுப்போமே. அங்கே கரி வந்து இறங்கியது, இங்கே ஏற்றினார்கள். 1913-இல் மட்டும் கார்டிஃப் துறைமுகத்திலிருந்து ஒரு கோடி டன்னுக்கு மேல் போனதாம். வடக்கே மலை இடுக்குகளில் சுரங்கங்கள். பகலெல்லாம் பூமிக்கடியில் இருந்த ஆண்கள் சாயங்காலம் கூடிப் பாடினார்கள். சுரங்கத்துக்கு ஒன்று, சேப்பலுக்கு ஒன்று என்று பாட்டுக் குழுக்கள் முளைத்தன. ட்ரியோர்கி என்ற ஊரின் ஆண்கள் குழு 1883-இல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. சுரங்கம்தான் இல்லை. அந்தப் பக்கத்துக் கடைசி ஆழச் சுரங்கமான டவர் காலியரியைத் தொழிலாளிகளே பணம் போட்டு வாங்கி நடத்தி, 2008-இல் மூடினார்கள். பின்னி மில் மூடியபோது வியாசர்பாடி மாமா வீட்டில் என்னவெல்லாம் நடந்தது என்று நமக்குத் தெரியும். இங்கே ஊர் ஊராக அப்படித்தான் நடந்திருக்கிறது. வேலை போன பிறகும் பாட்டுக் குழுவை விடாத ஊர்கள் நிறைய.

ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் சுரம் எழுதும் முறை, தெரியாத சுரங்கத் தொழிலாளி எப்படி நாலு குரல் பாட்டைப் படித்தான் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் பேஸ் வரிசைக்காரர் ஒருவர் தன் தாத்தாவின் பழைய தாளைக் கொண்டுவந்து காட்டினார். கோடு, முட்டை ஒன்றும் இல்லை, எழுத்து மட்டும்தான். டோ, ரே, மி என்பதன் முதல் எழுத்துகள், நம் ச ரி க ம மாதிரியே. ஆதார சுருதி எங்கே இருந்தாலும் அதுதான் டோ, நம் சட்ஜம் போலவே நகரும். ஜான் கர்வென் என்ற பாதிரியார் 19-ஆம் நூற்றாண்டில், சாரா குளோவர் என்ற டீச்சரம்மாவின் முறையை எடுத்துப் பரப்பியதாம். விலை உயர்ந்த வாத்தியமும் படிப்பும் இல்லாதவர்கள் பாடப் படித்தது அதனால்தான். எங்கள் குழுவில் அதுகூட இல்லை. குழுவை நடத்துகிற கண்டக்டரம்மா ஒரு வரி பாடுவாள், நாங்கள் திருப்பிப் பாடுவோம். பிறகு வாட்ஸ்அப்பில் அவரவர் குரலுக்கான ஆடியோ வந்துவிடும். இந்த ஊர் மொழியான வெல்ஷில் பாட்டென்றால் நான் தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறேன். இங்கிலீஷைவிட எனக்கு அது சுலபமாகத்தான் வருகிறது.

அதே பேஸ்காரருக்கு நுரையீரலில் கரித்தூசு. நாலு படி ஏறினால் நின்றுவிடுவார். டாக்டர்தான் பாட்டுக்குப் போகச் சொன்னாராம். நர்ஸாகச் சொல்கிறேன், பாடினால் கெட்டுப்போன நுரையீரல் திரும்ப வளராது. ஆனால் மூச்சை மொத்தமாக விட்டுவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடப் பழகுகிறார்கள். மூச்சு வாங்கும்போது வருகிற பயம் குறைகிறது. பாதி அவஸ்தை அந்தப் பயம்தான்.

ஆராய்ச்சிகளும் உண்டு. மாமா "ஆதாரம் எங்கே" என்பார், அவருக்காக எழுதுகிறேன். 2016-இல் டெனோவஸ் என்ற புற்றுநோய் உதவி அமைப்பும் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கும் சேர்ந்து, இதே தெற்கு வேல்ஸில் ஐந்து குழுக்களைச் சேர்ந்த 193 பேரிடம் பாடுவதற்கு முன்னும் பின்னும் எச்சில் எடுத்துப் பார்த்தன. நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள், பறிகொடுத்தவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஒரு மணி நேரப் பாட்டுக்குப் பிறகு கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது, நோய் எதிர்ப்போடு சம்பந்தப்பட்ட சில புரதங்கள் கூடியிருந்தன. இதை வைத்துக்கொண்டு பாட்டு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் நம்பாதே. ஒரு மணி நேரத்துக் கணக்கு அது, அவ்வளவுதான். எனக்கு அதைவிடப் பிடித்தது ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் 2015-இல் வெளியிட்டது. புதிதாகத் தொடங்கிய பாட்டு வகுப்பு, கைவேலை வகுப்பு, எழுத்து வகுப்பு மூன்றையும் ஏழு மாதம் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் ஜனங்கள் நெருக்கமாகிவிட்டார்கள். ஆனால் பாடியவர்கள்தான் ரொம்ப சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள். எனக்கு அது நிஜம். ரெண்டு வருஷம் குட்மார்னிங் சொன்ன பக்கத்து வீட்டுக்காரி பெயர் எனக்குத் தெரியாது. ஆல்டோ வரிசையில் யாருக்கு முட்டி ஆபரேஷன், யார் பெண்ணுக்கு விவாகரத்து, எல்லாம் தெரியும்.

குறையும் இல்லாமல் இல்லை. டெனருக்கு எப்போதும் ஆள் பஞ்சம், அதனால் வருகிற மூன்று பேருக்கும் மாப்பிள்ளை மிடுக்கு. பழைய சினிமாப் பாட்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு மெட்லி பாடுகிறோம், எனக்கு அது சகிக்காது. முதியோர் இல்லத்தில் கிறிஸ்துமஸுக்குப் பாடப் போனால் அதற்குத்தான் கைதட்டல் அதிகம், என்ன செய்வது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சங்கத்துப் பெண்கள் மாதா மாதம் பணம் கட்டக் கூடுகிறீர்கள் இல்லையா? நோட்டுப் புத்தகத்தை மூடிய பிறகு அரை மணி நேரம் உட்கார வை. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். முதலில் சின்னக் குழந்தை மாதிரி உதட்டை பிர்ர்ர் என்று அடிக்கச் சொல். எல்லாரும் சிரித்துவிடுவார்கள், கூச்சம் பாதி போய்விடும். பிறகு வாயை மூடி ம்ம்ம். பாட்டை நாலு கட்டைக்கு மேலே தூக்காதே. நம் பெண்கள் ரேடியோவில் கேட்ட உயரத்தில் ஆரம்பித்துவிட்டுப் பாதியில் தொண்டை கட்டி, பாட வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாதிப் பேர் ஆதார சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், பாதிப் பேர் மேலே பாடட்டும். அது பழகியதும் சுற்றுப் பாட்டு. ஒரு கும்பல் முதல் வரியை முடித்து இரண்டாவது வரிக்குப் போகும்போது அடுத்த கும்பல் முதல் வரியைத் தொடங்க வேண்டும். எல்லா மெட்டுக்கும் இது ஒத்துவராது. மோகனம் போல ஐந்து சுரத்துக்குள் நிற்கிற மெட்டென்றால் அவ்வளவாக இடிக்காது. தாலாட்டில் தேடிப் பார். எதிர்வீட்டு அத்தையைக் கட்டாயம் கூப்பிடு, அவள் வந்தால் மற்றவர்கள் வருவார்கள். மாமா ஏதாவது சொன்னால் மூட்டுவலிக்குப் பயிற்சி என்று சொல்லிவிடு.

கடைசியாக ஒரு வேலை. அடுத்த கச்சேரிக்கு ஒரு தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று கண்டக்டரம்மா கேட்கிறாள். ஆயா பாடுவாளே, மஞ்சள் பூசும்போது, அந்த நலங்குப் பாட்டு. எனக்கு இரண்டு வரிக்குமேல் ஞாபகமில்லை. அம்மாவுக்கு முழுசாகத் தெரியும். போனில் பதிவு பண்ணி அனுப்பு. டிவியை அணைத்துவிடு, மிக்ஸி ஓடாத நேரமாகப் பார். அம்மா வெட்கப்பட்டு வார்த்தையை மட்டும் ஒப்பிப்பாள், விடாதே, இழுக்கிற இடத்தில் இழுத்துப் பாடச் சொல். மூச்சு வாங்கினால் வாங்கட்டும். அந்த இடத்தில் நீ சேர்ந்து பாடு.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: வஞ்சிரக் கருவாடு பார்சலில் அனுப்பாதே. போன தடவை கஸ்டம்ஸில் எடுத்துக்கொண்டார்கள்.