முதல் வகுப்பிலேயே லொட் கணக்கைப் படிப்பியுங்கள்

வவுனியா, கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் இணையத்தில் தங்கமும் நாணயமும் வாங்கி விற்கும் ட்ரேடிங் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை வந்த அந்த வெள்ளி மாலை உங்கள் வட்ஸ்அப் குழுக்களில் நடந்தது உங்களுக்குத் தெரியும். "தங்கம் பை" (வாங்கு) என்று போட்டீர்கள். ஸ்டொப் லொஸ் (நட்டம் பெருகாமல் ட்ரேட்டைத் தானாக மூட வைக்கும் விலை) எங்கே, எத்தனை லொட் (வாங்கும் அளவு) என்று போடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே பல பிள்ளைகளின் கணக்கு காலி.

அதில் ஒரு கணக்கைப் பாருங்கள். 200 டொலர், தாயின் சங்கிலியை அடகு வைத்துப் போட்ட காசு. திறந்தது 0.20 லொட். தங்கத்தில் ஒரு லொட் 100 அவுன்ஸ் என்பதால் அந்தப் பிள்ளை பிடித்தது 20 அவுன்ஸ். விலை ஒரு டொலர் இறங்கினால் 20 டொலர் நட்டம். பத்து டொலர் இறங்கினால் மிச்சமே இல்லை. மார்ஜின் (ட்ரேட்டுக்குப் பிணையாக நிற்கும் காசு) போதாமல் புரோக்கர் அதற்கு முன்னமே மூடிவிடுவார். அறிக்கை வரும் நேரத்தில் தங்கம் பத்து டொலர் அசையச் சில நிமிடம் போதும். கையிலுள்ள காசைப்போல 500 மடங்குவரை பிடிக்க விடும் 1:500 லெவரேஜில் இவ்வளவு திறக்கலாம் என்று காட்டிய நீங்கள், திறந்தால் என்ன ஆகும் என்று காட்டவில்லை. அடகு வட்டி இப்பவும் ஏறிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: லொட் கணக்கை முதல் வகுப்பில் படிப்பியுங்கள்.

ஒரு ட்ரேட்டில் 2 வீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது என்றால் 200 டொலரில் அது 4 டொலர். ஸ்டொப் எங்கே என்று சார்ட்டில் முதலில் பார்க்கவேண்டும், லொட் அதற்குப் பிறகுதான். யூரோ-டொலரில் 0.01 லொட்டுக்கு ஒரு பிப் (விலையில் 0.0001 அசைவு) 0.10 டொலர். 40 பிப் ஸ்டொப் சரியாக 4 டொலர். தங்கத்தில் 0.01 லொட் ஒரு அவுன்ஸ். ஸ்டொப் 12 டொலர் தள்ளித்தான் வரும் என்றால் 6 வீதம் ஆபத்தில் இருக்கிறது. பெரும்பாலான கணக்குகளில் 0.01க்குக் கீழே லொட் கிடையாது. அந்த ட்ரேட்டை விடத்தான் வேண்டும். இதைச் சொல்ல ஏன் தயக்கம்?

பத்துத் தரம் தொடர்ந்து தோற்பது யாருக்கும் நடக்கும். ஒவ்வொரு தரமும் மிஞ்சியிருப்பதில் 2 வீதப்படி தோற்றால் 200இல் 163 மிஞ்சும். 20 வீதப்படி என்றால் 21தான். பாதி போன கணக்கு பழைய இடத்துக்கு வர 100 வீத இலாபம் வேண்டும்.

ஸ்டொப் போட்டாலும் அதே விலையில் மூடும் என்ற உத்தரவாதம் இல்லை. 2015 ஜனவரி 15இல் சுவிஸ் மத்திய வங்கி ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று வைத்திருந்த கீழ் எல்லையைக் கைவிட்டபோது ஸ்டொப்புகள் வெகுதூரம் தள்ளித்தான் மூடின. ஆகவே பெரிய அறிக்கை நேரத்தில் ட்ரேட் திறக்காமல் இருப்பதும் பாடம்தான். டெமோவில் (பொய்க் காசுப் பயிற்சிக் கணக்கில்) 10,000 டொலரோடு பழக்கிவிட்டு நிஜத்தில் 200 டொலரோடு இறக்குவதையும் நிறுத்துங்கள். டெமோவிலும் 200தான் இருக்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் இணைப்பில் சேரும் பிள்ளை திறக்கும் ஒவ்வொரு லொட்டுக்கும் உங்களில் பலருக்குப் புரோக்கரிடமிருந்து கொமிஷன் வருகிறது. பிள்ளை தோற்றாலும் வருகிறது. நுண்கடனில் ஏற்கெனவே நொந்த ஊர்கள் இவை. காலபோக நெல் விற்ற காசும் இப்போது உங்கள் வகுப்புக்குத்தான் வருகிறது.

கோபத்தில் எழுதியதாக எடுக்கவேண்டாம். அடுத்த தொகுதிக்கு முதல் நாளே லொட் கணக்கைப் படிப்பியுங்கள். கொமிஷன் எவ்வளவு என்று பலகையில் எழுதுங்கள். ஸ்டொப்பும் லொட்டும் இல்லாத தகவலைக் குழுவில் போடாதீர்கள். தயவாகக் கேட்கிறோம்.